பழுதில் பிறந்த ஓசை

மலருக்கு எழுதச் சொன்னார்கள். மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். எங்க ஹாஸ்டல் அறையில் எந்நேரமும் சுழன்ற சால்டரிங் புகையின் பூர்வீகத்தை நான் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒலிப்பதிவு. மார்ட்டி ராபின்ஸ் பாட, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிதார், மிக்ஸிங் மேஜையில் இருந்த பழுதால் கரகரவென்று கேட்டது. அதை அழிக்காமல் அப்படியே விட்டார்கள். ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னாடி, பிறகு அதே கரகரப்பை வேண்டும்போது வரவழைக்க டிரான்சிஸ்டர் சர்க்யூட் செய்தார். கிப்சன் கம்பெனி 1962-இல் 'மேஸ்ட்ரோ' என்ற பெயரில் அதை விற்றது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்ததும், ஆளாளுக்கு வேண்டும் என்றார்கள்!

1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனி வட்ட வடிவில் 'ஃபஸ் ஃபேஸ்' கொண்டுவந்தது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் காலடியில் கிடந்தது அதுதான். உள்ளே 2 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், 4 ரெசிஸ்டர், 3 கெப்பாசிட்டர், 2 கன்ட்ரோல், ஒரு 9 வோல்ட் பேட்டரி. இவ்வளவுதானா, நாமே செய்யலாமே என்று யாருக்கும் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது.

ரிச்சி தெருவில் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த ஏசி128 டிரான்சிஸ்டர் மலிவாகக் கிடைத்த காலம். கை நிறைய வாங்கி, மீட்டரில் எது அதிக கெயின் காட்டியதோ அதையே பொறுக்கினோம். ராத்திரி ஒத்திகையில் பெட்டி தேனாகப் பாடியது. கல்ச்சுரல்ஸ் அன்று, ஏப்ரல் மதியம், திறந்தவெளி மேடை. என் அறைத்தோழன் முதல் கம்பியைத் தட்டியதும் ஓசை துப்பித் துப்பி அடங்கிப்போச்சு. பரிசு போனது. "உன் சால்டரிங் லட்சணம்டா மச்சி" என்றவன், இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

சால்டரிங்மேல் தப்பில்லை. ஆர். ஜி. கீன் என்ற அமெரிக்கர் எழுதியதைப் பல வருஷம் கழித்துப் படித்தபோதுதான் புரிந்தது. ஜெர்மானியத்தில் பேஸைத் துண்டித்தாலும் கொஞ்சம் கரன்ட் கசியும். சாதாரண மீட்டர் அந்தக் கசிவையும் கெயின் என்றே கணக்கில் சேர்த்துக் காட்டும். 120 காட்டுவதன் உண்மை மதிப்பு 80-ஆக இருக்கலாம். சூடு 10 டிகிரி ஏறினால் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆக, நாங்கள் 'உசத்தி' என்று பொறுக்கியதெல்லாம் ஓட்டைப் பானைகள்!

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு: பேஸைத் துண்டித்துக் கசிவை முதலில் அளந்து, கழித்துவிட்டுப் பாருங்கள். முதல் டிரான்சிஸ்டருக்குச் சுமார் 70, இரண்டாவதற்கு 120 போதும். 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பதில் ப்ரீசெட் போட்டு, இரண்டாவதன் கலெக்டரை 4.5 வோல்ட்டுக்குத் திருப்பி வையுங்கள். மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் போட்டால் இரைச்சல் குறையும். கார்பனில்தான் 'ஆன்மா' இருக்கிறது என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. கெப்பாசிட்டரில் கம்பெனிப் பெயரைவிட மதிப்புதான் முக்கியம்.

பழைய பெட்டியை அளந்து பார்த்து டிரான்சிஸ்டரை மாற்றி வைத்திருக்கிறேன். சந்திப்புக்கு எடுத்து வருகிறேன். அவனும் கிதாரோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான். ஹால் இந்தத் தடவை ஏ.சி.யாமே!