அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்த பத்மினி டாக்சி

2004 ஜூலை. வயிற்றில் ஆபரேஷன் முடிந்த அம்மாவை மாட்டுங்காவிலிருந்து செம்பூர் வீட்டுக்குக் கூட்டி வரணும். தையல்கூடப் பிரிக்கலை. வெளியே கொட்டும் மழை, ரோடெல்லாம் பள்ளம். (மும்பைக்குப் புதுசா வந்தவங்களுக்கு: சயானுக்குத் தெற்கே ஆட்டோ வராது. டாக்சிதான்.)

கறுப்பு-மஞ்சள் பத்மினி ஒன்று கிடைத்தது. நான் பின்கதவைத் திறந்தேன். வயசான டிரைவர் தடுத்தார். "மாஜியை முன்னாடி உட்கார வைப்பா. பின்னாடி தூக்கிப் போடும்" என்றார் இந்தியில். எனக்கு ஒண்ணும் புரியலை. சொன்னபடி செய்தேன்.

காரணம் பின்னாடிதான் தெரிந்தது. வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், இத்தாலியின் ஃபியட் 1100 காரை நம்ம செம்பூருக்குப் பக்கத்துக் குர்லாவில் தயாரித்தது. 1964-ல் 'டிலைட்' என்று வந்த மாடல்தான் எழுபதுகளில் பத்மினி ஆனது. அதில் முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுருள் ஸ்பிரிங். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றது பாட்டுக்கு ஓடும். பின்னாடியோ லாரி மாதிரி, இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கனமான அச்சு, அதைத் தாங்க அடுக்குப் பட்டை ஸ்பிரிங். நாலு பேரும் லக்கேஜும் ஏறினால் அது கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். காலியாகப் போனால் விறைப்பாக நிற்கும். பின் சீட் அந்த அச்சுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அடி நேரே முதுகுக்கு வரும்.

காமர்ஸ் படித்தவன் கணக்கில் சொன்னால், ஸ்பிரிங் அடியைத் தள்ளுபடி செய்யாது, கடனாக வாங்கி வைக்கும். திருப்பித் தரும்போது வண்டி துள்ளும். அந்தக் கடனைத் தீர்ப்பது ஷாக் அப்சார்பர். உள்ளே இருக்கும் எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியே தள்ளி, துள்ளலைச் சூடாக மாற்றிவிடும். அது தேய்ந்தால் முதுகு வலி மட்டும் மிச்சம் என்று நினைக்காதீங்க. துள்ளும் டயர் தரையை விட்டு எழும்பும். தரையைத் தொடாத டயருக்கு பிரேக்கும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது. மழை ரோட்டில் சொகுசும் பாதுகாப்பும் ஒரே கணக்குதான்.

அந்தப் பெரியவர் சயான்-டிராம்பே ரோடு முழுக்க, பள்ளத்துக்கு முன்னாலேயே பிரேக்கைப் பிடித்து, சக்கரம் உள்ளே இறங்கும்போது விட்டுவிடுவார். பிரேக் அழுத்தத்தில் முன்பக்கம் தாழ்ந்திருக்கும்போது ஸ்பிரிங்குக்கு அமுங்க இடம் இருக்காது என்பது எனக்கு அப்புறம்தான் விளங்கியது. வீடு வரும்வரை அம்மா ஒருமுறைகூட முனகலை.

கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சி 2003 அக்டோபரில் தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது. இருபது வருஷ வயது வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் அதுவும் விடைபெற்றது. ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன்.

"வண்டி போனா போகுதுடா. அந்த டிரைவர் எங்கிருந்தாலும் நல்லா இருக்கணும்" என்றாள்.