சிக்கமோகா முகாமின் மலக்குழிகள்

1898 ஏப்ரலில் ஸ்பெயினோடு போர் மூண்டபோது அமெரிக்கா அவசரமாகத் திரட்டிய தொண்டர் படையினருள் பெரும்பாலோர் கியூபாவின் கரையைக் காணவேயில்லை. ஜார்ஜியா மாநிலத்துச் சிக்கமோகாவில் அமைந்த தாமஸ் முகாம் போன்ற தற்காலிகப் பாசறைகளிலேயே அவர்களுடைய போர்க்காலம் கழிந்தது. ஒரு கட்டத்தில் 50,000-க்கும் மேற்பட்டோர் தங்கியிருந்த அம்முகாமில் மேல்மண்ணுக்குக் கீழே பாறை கிடந்ததால் மலக்குழிகளை ஆழமாக வெட்ட இயலவில்லை. மழை பெய்தால் அவை நிரம்பி வழிந்தன, நாற்றம் தாளாத வீரர்களோ அருகிலிருந்த காட்டை நாடினர்.

இது அறியாமையின் விளைவு என்று சொல்வதற்கில்லை. குடற்காய்ச்சலை, அதாவது டைபாய்டை, உண்டாக்கும் நுண்ணுயிரி 1880-லேயே கண்டறியப்பட்டிருந்தது. படையின் தலைமை மருத்துவரும் நுண்ணுயிரியல் அறிஞருமான ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க், குழிகளை நாள்தோறும் மும்முறை மண்ணாலோ சுட்ட சுண்ணாம்பாலோ சாம்பலாலோ மூடவேண்டுமென்று அந்த ஏப்ரலிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். ஆனால் படை மருத்துவர் அறிவுரை கூறலாமேயன்றி ஆணையிட முடியாது. ஆணையிடும் உரிமை பெற்ற அதிகாரிகளுள் பலருக்குக் குழி வெட்டுவதும் மூடுவதும் தம் தகுதிக்குக் கீழான வேலையாகவே தோன்றியது.

நோய் பெருகியபின் முகாம்களை ஆராய அனுப்பப்பட்ட வால்டர் ரீட், விக்டர் வான், எட்வர்ட் ஷேக்ஸ்பியர் ஆகிய மூவர் குழுவின் கண்ணில் பட்ட சான்று எளியது: மலக்குழியில் தூவிய சுண்ணாம்பு வெள்ளையாக ஒட்டிய கால்களோடு ஈக்கள் உணவுக் கூடாரத்துச் சோற்றின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தன. அரைகுறையாகத் தூவிய சுண்ணாம்பு கிருமியைக் கொல்லாமல், கிருமி வந்த வழியை மட்டும் காட்டிக்கொடுத்தது எனலாம். குடிநீரே முதற்காரணம் என்ற அந்நாளைய பொதுக்கருத்தை மறுத்த குழுவினர், ஈக்களும், ஆளுக்கு ஆள் நேரும் தொடர்பும், மாசுபட்ட உடையும் போர்வையுமே நோயைப் பெரிதும் பரப்பின என்று முடிவுகண்டனர்; புதிய இடத்துக்குப் படையை மாற்றியபோதும் காய்ச்சல் உடன்சென்றதற்கு விளக்கம் இதில்தான் இருந்தது.

அவர்கள் ஆராய்ந்த 92 படைப்பிரிவுகளில் 1,07,973 பேருள் 20,738 பேர் நோயுற்றனர், 1,580 பேர் மாண்டனர். அப்போர் முழுவதிலும் எதிரியின் ஆயுதத்தால் இறந்த அமெரிக்கர் 400-ஐ எட்டவில்லை. அமெரிக்கப் படையில் டைபாய்டுத் தடுப்பூசி 1911-இல் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் அதே ஈக்கள் பரப்பும் வயிற்றுக்கடுப்புக்கு அத்தகைய ஊசி இல்லாமையால், மலக்குழியைக் காக்கும் பொறுப்பு படைத்தலைவர்களின் கடமைகளுள் ஒன்றாகவே நீடித்தது.