ஒரு பிடி மண்ணும் ஒரு குத்தகைச் சீட்டும்

ஆஸ்திரேலிய வரலாற்றை லேசாகப் புரட்டியவர்கள்கூட இந்தப் புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். பளிச்சென்று நீல வானம். கோட்டு சூட்டு போட்ட நெட்டையான வெள்ளைக்காரர் ஒருவர், ஒரு கறுப்பினப் பெரியவரின் உள்ளங்கையில் செம்மண்ணைக் கொட்டுகிறார். கொட்டுபவர் அன்றைய பிரதமர் கஃப் விட்லம். வாங்கிக்கொள்பவர் குரிஞ்ஜி இனத் தலைவர் வின்சென்ட் லிங்கியாரி. நாள் 1975 ஆகஸ்ட் 16.

(குரிஞ்ஜி என்றதும் குறிஞ்சித் திணை, லெமூரியா என்று கிளம்பிவிடாதீர்கள். பெயர் ஒற்றுமை மட்டும்தான். இவர்களுடையது மலைநாடும் இல்லை, ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிராந்தியத்தில் உள்ள புல்வெளி.)

அந்தப் படத்தில் ஒரு விசேஷம் உண்டு. மண் கொடுக்கும் சடங்கு முதலில் நடந்தது நிழலில். படம் சரியா வராதுன்னு நினைத்த மெர்வின் பிஷப், அவரும் பூர்வகுடிப் புகைப்படக்காரர்தான், ரெண்டு பேரையும் வெயிலுக்கு வரச் சொல்லி இன்னொரு முறை கொட்ட வைத்தார். அதுதான் உலகப் புகழ் பெற்றது. படத்தைப் பார்க்கிறவர்கள் "அப்பாடா, நிலம் கிடைச்சிடுச்சு, சுபம்" என்று நினைத்துக்கொள்கிறோம். அன்றைக்குக் கிடைத்தது குத்தகை. பட்டா இல்லை. நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். வேவ் ஹில் ஸ்டேஷன் என்பது ரயில் நிலையம் அல்ல, பிரம்மாண்டமான மாட்டுப் பண்ணை. ஆஸ்திரேலியாவில் அதற்கு அப்படித்தான் பெயர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளையர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். தண்ணீர் இருந்த இடமெல்லாம் மாடுகளுக்குப் போனது. எதிர்த்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1914-ல் பண்ணை, வெஸ்டி என்ற பிரிட்டிஷ் இறைச்சி முதலாளிகள் கைக்கு வந்தது. மிச்சமிருந்த குரிஞ்ஜிகள் தங்கள் சொந்த மண்ணிலேயே மாடு மேய்ப்பவர்களாகவும் வீட்டு வேலைக்காரிகளாகவும் ஆனார்கள். கூலி என்று பார்த்தால் பெரும்பாலும் மாவு, சர்க்கரை, தேயிலை, கொஞ்சம் மாட்டிறைச்சி. குடியிருப்பு தகரக் குடிசை.

1966 மார்ச்சில் ஊதியத் தீர்ப்பாயம், பண்ணைகளில் வேலை செய்யும் பூர்வகுடிகளுக்கும் சம ஊதியம் என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் 1968 டிசம்பரிலிருந்துதான் அமலாம்! முதலாளிகள் தயாராவதற்கு அவகாசம் வேண்டுமே.

லிங்கியாரி காத்திருக்கவில்லை. 1966 ஆகஸ்ட் 23 அன்று ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று ஏறக்குறைய 200 பேர் மூட்டை முடிச்சோடு பண்ணையை விட்டு நடந்துவிட்டார்கள். முதலில் விக்டோரியா ஆற்றங்கரையில் தங்கினார்கள். பத்திரிகைகள் இதைக் கூலிப் போராட்டம் என்று எழுதின. தொழிற்சங்கமும் முதலில் அப்படித்தான் நினைத்தது. முதலாளி தரப்பு கூலியை ஏற்றித் தருகிறேன் என்று பேச வந்தது. இவர்கள் திரும்பவே இல்லை.

அடுத்த வருஷம் அவர்கள் செய்த காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆற்றங்கரையிலிருந்து கிளம்பி, வாட்டி க்ரீக் என்ற ஓடைக்கரையில் போய்க் குடியேறிவிட்டார்கள். அவர்கள் மொழியில் டகுரகு. சட்டப்படி அது வெஸ்டியின் குத்தகை நிலம், ஆகவே இவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள்! ஃபிராங்க் ஹார்டி என்ற எழுத்தாளர் இவர்களுக்குத் துணையாக இருந்தார். அவரிடம் குரிஞ்ஜி என்ற பெயரை ஒரு பலகையில் எழுதித் தரச் சொல்லி நட்டு வைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெள்ளைக்காரன் பலகையைத்தான் மதிக்கிறான் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

1967-லேயே கவர்னர் ஜெனரலுக்கு மனுவும் போனது. சுமார் 500 சதுர மைல் எங்களுடையது, அதில் எங்கள் மாடுகளை நாங்களே வளர்த்துப் பண்ணை நடத்திக்கொள்கிறோம் என்றார்கள். கூலியை யார் தருவது என்ற பேச்சே அங்கே முடிந்துபோனது. இனி எஜமானே வேண்டாம் என்கிறார்கள். பதில், முடியாது. அந்த வருஷம்தான் பூர்வகுடிகள் தொடர்பான அரசியல் சட்டத் திருத்தத்துக்கு 90 சதவீதத்துக்கு மேல் மக்கள் ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். 1968-ல் அமைச்சர் ஒருவர் போனால் போகிறது என்று 8 சதுர மைல் கொடுக்கலாமா என்று கேட்டதற்கும் அமைச்சரவை மறுத்துவிட்டது. அரசாங்கம் வேறு இடத்தில் வீடு கட்டித் தருகிறேன் என்றது. இவர்கள் ஓடைக்கரையை விட்டு அசையவில்லை.

1972 டிசம்பரில் விட்லமின் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்த பிறகுதான் காற்று திரும்பியது. வெஸ்டியின் பரப்பிலிருந்து சுமார் 3,200 சதுர கிலோமீட்டர் பிரிக்கப்பட்டது. நடந்து வந்து 9 வருஷம் ஆகியிருந்தது. மண்ணைக் கையில் கொடுக்கும் யோசனை ஸ்டேனர் என்ற மானிடவியலாளருடையது. 1835-ல் மெல்போர்ன் பக்கத்துப் பூர்வகுடிகள் ஜான் பேட்மன் என்ற வெள்ளையருக்கு மண் எடுத்துக் கொடுத்ததாகச் சொல்வார்கள். அதைத் திருப்பிக் கொடுப்பது போல.

மூன்றே மாதத்தில் விட்லம் பதவி நீக்கப்பட்டார். அவர் ஆட்சியில் தயாரான நிலவுரிமைச் சட்டத்தை, சில மாற்றங்களுடன், அடுத்து வந்த ஃப்ரேசர் அரசு 1976-ல் நிறைவேற்றியது. அதன்படி வழக்காடி, டகுரகுவுக்கு யாரும் விற்கவோ பறிக்கவோ முடியாத நிரந்தரப் பட்டா கிடைத்தது 1986-ல். லிங்கியாரி இறந்தது 1988-ல். அதாவது, சொந்த நிலத்தில் சட்டப்படி சொந்தக்காரராக அவர் இருந்தது ரெண்டே வருஷம்.

பண்ணையின் மிச்ச நிலம்? சுமார் 5,000 சதுர கிலோமீட்டரில் குரிஞ்ஜிகளின் பூர்வீக உரிமையை 2020 செப்டம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வேட்டையாடலாம், சடங்குகள் நடத்தலாம், சுரங்கம் தோண்ட வருகிறவர்களோடு பேரம் பேசலாம். மாட்டுப் பண்ணையின் குத்தகை மட்டும் அப்படியே தொடரும். 1966-ல் பத்து வயதில் அப்பா அம்மாவோடு நடந்து வந்த ஒரு குழந்தைக்கு, இந்தத் தீர்ப்பு வந்தபோது வயது 64.