ரப்பர் படகுக்கு ஏற்ற வெளிப்பொருத்து எஞ்சின்

காற்றடைத்து விரிக்கும் சிறு படகின் பின்பலகையில் திருகாணியால் இறுக்கி மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றி எடுத்துக்கொள்ளக்கூடிய எஞ்சின் வெளிப்பொருத்து எஞ்சின் எனப்படும். தமிழக மீன்வளத் துறை இதை வெளிப்பொருத்தும் இயந்திரம் என்றும், இலங்கையில் வெளியிணைப்பு இயந்திரம் என்றும் எழுதுவார்கள். கடற்கரையில் எஞ்சின் என்றோ ஓ.பி.எம். என்றோ சொன்னால் போதும். தலைப்பகுதியில் எஞ்சின், நடுவே நெடுந்தண்டு, அடியில் பற்சக்கரப் பெட்டியும் புரொப்பெல்லரும் இருக்கும். இதற்குத் தனிச் சுக்கான் கிடையாது. கைப்பிடியைத் திருப்பினால் எஞ்சினே திரும்பிப் படகின் போக்கை மாற்றும். இரண்டு முதல் மூன்றரை மீட்டர் நீளமுள்ள ரப்பர் படகுகளுக்கு எஞ்சின் தேர்ந்தெடுப்பதே இக்கட்டுரையின் முக்கியப் பொருள். வாங்குவோர் முதலில் கேட்பது குதிரைத்திறன் எவ்வளவு என்பது. முதலில் கேட்க வேண்டியது எடை எவ்வளவு என்பது.

தோற்றம்

கழற்றி மாட்டும் படகு எஞ்சினை முதலில் ஓட்டிக் காட்டியவர் பிரான்சின் குஸ்தாவ் த்ரூவே. 1881 மே 26 அன்று பாரிசின் செய்ன் ஆற்றில் 'லெ தெலெஃபோன்' என்ற ஐந்து மீட்டர் படகை மின்மோட்டாரால் செலுத்தினார். மோட்டார், சுக்கான், புரொப்பெல்லர் மூன்றும் ஒரே தொகுதியாகப் பின்புறம் தொங்கின. படகு எதிரோட்டத்தில் நொடிக்கு ஒரு மீட்டரும் நீரோட்டத்தோடு இரண்டரை மீட்டரும் சென்றது. அமெரிக்க நூல்கள் இவரை ஓரிரு வரியில் கடந்துவிட்டு ஓலே எவின்ரூடுக்கு மகுடம் சூட்டுவது வழக்கம். வரிசைப்படி முதலிடம் த்ரூவேக்கே உரியது.

பெட்ரோலில் ஓடி, பெரும் எண்ணிக்கையில் தயாரானவற்றுள் கேமரன் வாட்டர்மேனின் எஞ்சின் முந்தியது. யேல் பல்கலைக்கழகத்தில் படித்த அவர் மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்றைக் கொண்டு இந்த அமைப்பை உருவாக்கி, 1905-இல் டெட்ராய்ட் ஆற்றில் ஓட்டிப் பார்த்தார். பின்னர் 'போர்ட்டோ' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் இன்று வழங்கும் அவுட்போர்ட் மோட்டார் என்ற பெயரும் அவர் வைத்ததே.

ஓலே எவின்ரூட் 1877-இல் நார்வேயில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறியவர். ஏரிக்கரை விருந்து ஒன்றில் தாம் மணக்கவிருந்த பெண் ஐஸ்கிரீம் கேட்டதாகவும், துடுப்பு வலித்துப் போய் வாங்கித் திரும்புவதற்குள் அது உருகிவிட்டதாகவும், அந்த எரிச்சலில் பிறந்ததே எஞ்சின் என்றும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1909-இல் அவர் உருவாக்கிய எஞ்சினின் அமைப்பு நிலைத்துவிட்டது. கிடையாகப் படுத்த சிலிண்டர், செங்குத்தாக நின்ற கிராங்க் தண்டு, உச்சியில் சுழலும் கனச்சக்கரம் என்ற அந்த வரிசையை இன்றைய சிறு எஞ்சின்களிலும் காணலாம். அது ஒன்றரைக் குதிரைத்திறனுக்குச் சுமார் 28 கிலோ எடை கொண்டிருந்தது.

அதன்பின் நடந்த போட்டி எடையைக் குறைப்பதில்தான். எவின்ரூட் அலுமினியத்துக்கு மாறி 1921-இல் கொண்டுவந்த 'எல்டோ' மூன்று குதிரைத்திறனுக்குச் சுமார் 22 கிலோ. அதையொட்டி இந்தியானா மாநிலத்து ஜான்சன் சகோதரர்களின் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் இரண்டு குதிரைத்திறனுக்குச் சுமார் 16 கிலோ. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள், இருவர் தூக்கிய சுமையை ஒருவரே ஒரு கையில் தூக்கிச் செல்லும் நிலை வந்தது.

இங்கிலாந்தில் 1930-களில் தோன்றிய பிரிட்டிஷ் சீகல் இந்தப் போட்டியில் சேரவில்லை. மூடி கிடையாது, பாகங்கள் வெளியே தெரியும். கயிற்றைச் சக்கரத்தில் சுற்றி இழுத்துக் கிளப்ப வேண்டும். புரொப்பெல்லர் ஒரு சுருள்வில்லால் தண்டோடு இணைந்திருந்ததால், பாறையில் பட்டாலும் அதிர்ச்சியை வில் தாங்கிக்கொள்ளும். பழைய வகைகளில் பத்துப் பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் கலக்க வேண்டியிருந்ததால், போன வழியெல்லாம் நீரில் எண்ணெய் மினுங்கும். ஆனாலும் அதன் மேல் பற்றுக் கொண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ரப்பர் படகு

1840-களில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பீட்டர் ஹால்கெட் ஒரு விந்தையான படகைச் செய்தார். போர்த்திக்கொண்டால் மேலங்கி, காற்றடைத்தால் படகு, கைத்தடி துடுப்பு, குடை பாய். இதில் எஞ்சின் மாட்ட இடமில்லை என்று சொல்லத் தேவையில்லை. எஞ்சின் மாட்ட இடம் கொடுத்த வடிவத்தை, பிரான்சில் வான்கப்பல் செய்துவந்த சோடியாக் நிறுவனத்தின் பொறியாளர் பியேர் தெப்ருத்தெல் 1930-களில் உருவாக்கினார். இரு பக்கக் குழல்களும் அணியத்தில் சேர்ந்து, பின்புறம் மரப்பலகையால் அடைக்கப்பட்டிருக்கும் லாட வடிவம் அது. அலென் பொம்பார் 1952-இல் அட்லாண்டிக்கைக் கடந்ததும் இத்தகைய 4.65 மீட்டர் சோடியாக்கில்தான். அவர் நம்பியது பாயை, எஞ்சினை அல்ல. பிரிட்டனின் உயிர்மீட்புப் படகு நிறுவனமான ஆர்.என்.எல்.ஐ. 1963-இல் ரப்பர் படகுகளைச் சேவையில் இறக்கியது. அடிப்புறம் கெட்டியாக உள்ள ரிப் வகை வேல்ஸ் நாட்டு அட்லாண்டிக் கல்லூரியில் உருவானது.

தேர்வு

மூன்று மீட்டர் ரப்பர் படகின் சொந்த எடை பெரும்பாலும் 25 முதல் 40 கிலோவுக்குள் அடங்கும். எஞ்சினும் ஓட்டுபவரும் பின்னாலேயே அமர்வதால், எஞ்சினில் கூடும் ஒவ்வொரு கிலோவும் அணியத்தை மேலே தூக்கும். ஒருவரே தனியாகப் போகும்போது எதிர்க்காற்று பலமாக வீசினால் படகு குப்புறக் கவிழவும் கூடும். காற்றில் குளிரும் ஹோண்டாவின் 2.3 குதிரைத்திறன் எஞ்சின் 13 கிலோ அளவு. டொஹாட்சுவின் 4, 5, 6 குதிரைத்திறன் எஞ்சின்கள் மூன்றிலும் இருப்பது ஒரே 123 கன சென்டிமீட்டர் சிலிண்டர், எடையும் ஏறத்தாழ ஒன்றே: 26 கிலோ. எடை கூடாமல் இரண்டு குதிரைத்திறன் கூடுதலாகக் கிடைக்கும்போது நாலு வாங்குவதில் பொருளில்லை, உச்ச ஆற்றலைக் காட்டும் பின்பலகைத் தகடு ஆறை அனுமதித்தால். அடுத்த படியான 9.8 ஏறக்குறைய 37 கிலோ. கரையில் ஒருவர் தனியாகத் தூக்கி மாட்ட இது ஆகாது.

சட்டத் தரை, சுருட்டும் மரச்சிலாகைத் தரை, அழுத்தக் காற்றுத் தரை என்று தரை வகைகள் பல. அடியில் காற்றுக்கட்டை இல்லாத மென்தரைப் படகு நீரை விலக்கிக்கொண்டுதான் போகும். நீர்மட்டத்தில் இரண்டரை மீட்டர் நீளமுள்ள படகுக்கு அப்படிச் செல்லும் வேகம் மணிக்கு நாலு கடல் மைலை எட்டாது, ஏழு கிலோமீட்டர் என்று கொள்ளலாம். அதற்கு இரண்டு குதிரைத்திறன் போதும். ஆறைப் போட்டால் பின்புறம் தாழும், பெட்ரோல் தீரும், வேகம் அவ்வளவாகக் கூடாது. அழுத்தத் தரையும் காற்றுக்கட்டையும் உள்ள படகு நீர்மேல் ஏறிச் சறுக்கும். ஒருவருக்கு ஐந்தாறு, இருவருக்கு எட்டு முதல் பத்துக் குதிரைத்திறன் என்பது தோராயக் கணக்கு.

தண்டின் நீளத்தில் தவறுவோர் அதிகம். ரப்பர் படகுக்குப் பெரும்பாலும் 15 அங்குலக் குட்டைத்தண்டே பொருந்தும். பாய்மரப் படகுக்கென்று வாங்கிய 20 அங்குலத் தண்டை மாட்டினால் ஆழமில்லாத இடத்தில் தரை தட்டும். புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும். மேலே போனால் புரொப்பெல்லர் காற்றை உறிஞ்சி வெறுமனே சுழலும்.

டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்ற கேள்விக்கும் எடையே விடை சொல்லும். பழைய 3.3 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் 13 கிலோ, இன்றைய 3.5 ஃபோர் ஸ்ட்ரோக் 18 கிலோ. டூ ஸ்ட்ரோக்கை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்த்து வைக்கலாம். மற்றதைக் குறித்த பக்கமாகப் படுக்கவைக்காவிட்டால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். டூ ஸ்ட்ரோக்கில் எரிபொருளின் கால் பங்கு வரை எரியாமலே வெளியேறும் என்பதால் அமெரிக்காவும் ஐரோப்பாவும் விதிகளை இறுக்கின. பழைய வகை டூ ஸ்ட்ரோக் அங்கே புதிதாகக் கிடைப்பதில்லை.

ஐ.எஸ்.ஓ. 6185 என்ற தரநிலை ரப்பர் படகுகளை எஞ்சின் ஆற்றலால் பிரிக்கிறது. 4.5 கிலோவாட் வரை ஒன்று, 15 வரை இன்னொன்று, அதற்கு மேல் வேறு. பின்பலகைத் தகட்டில் அச்சிட்ட உச்ச ஆற்றலை மீறலாகாது. ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சுருள்கயிற்றைக் காலிலோ இடுப்பிலோ கட்டிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகளில் எஞ்சின் நிறுத்தும் இணைப்பை அணிவது 2021 ஏப்ரல் 1 முதல் சட்டமாகிவிட்டது.

தமிழகக் கடற்கரையில் ஃபைபர் படகுகளுக்குப் பழக்கமான, மண்ணெண்ணெயில் ஓடும் 9.9 குதிரைத்திறன் எஞ்சின் ரப்பர் படகுக்கு ஏற்றதல்ல. 2015 சென்னை வெள்ளத்தில் மீட்புப் படையினர் கொண்டுவந்த ரப்பர் படகுகள் இங்கே பேசும் படகுகளைவிடப் பெரியவை. குப்பையும் மூழ்கிய வண்டிகளும் நிறைந்த தெருக்களில் அவற்றையும் பல இடங்களில் துடுப்பாலும் கையாலும்தான் நகர்த்தினார்கள்.

பேட்டரியில் ஓடும் எஞ்சின்களும் விற்பனையில் உள்ளன. ஜெர்மனியில் 2005-இல் தொடங்கிய டொர்க்கீடோ 2024 முதல் யமஹாவின் கையில் இருக்கிறது.