எட்டுக்கு எட்டு: மூச்சோடு உட்கொள்ளும் மருந்தொன்றின் கதை

2005 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுவொன்று ஒரு மருந்து குறித்து வாக்களித்தது. ஆதரவாக எட்டு வாக்குகள், எதிராகவும் எட்டு வாக்குகள். மாற்று நுரையீரல் பெற்றவர்கள் மூச்சோடு உள்ளிழுப்பதற்கான சைக்கிளோஸ்போரின் என்பதே அம்மருந்து. பதினாறு நிபுணர்கள் ஒரே ஆவணங்களைப் படித்துவிட்டு நடுவே பிளவுபட்டு நின்றது ஏன் என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

மனிதருக்கு முதன்முதலாக நுரையீரலை மாற்றிப் பொருத்தியவர் ஜேம்ஸ் ஹார்டி. 1963 ஜூன் 11 ஆம் திகதி, மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் அச்சத்திரசிகிச்சை நடைபெற்றது. (கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் அன்று நள்ளிரவு தாண்டியதும் சுடப்பட்டு, கொண்டுவரப்பட்டு உயிர் நீத்ததும் அதே வைத்தியசாலையில்தான்.) நோயாளி பதினெட்டு நாட்கள் வாழ்ந்தார். அதன் பின்னர் இருபது ஆண்டுகள் பலர் முயன்றும் நிலைத்த வெற்றி எவருக்கும் கிட்டவில்லை.

வழி திறந்தது மண்ணிலிருந்து. சுவிற்சர்லாந்தின் சண்டோஸ் மருந்து நிறுவனம், விடுமுறையில் வெளிநாடு செல்லும் தன் ஊழியர்களை ஒரு பிடி மண் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்வது வழக்கம். அவ்வாறு 1969 இல் நோர்வேயின் ஹார்டாங்கர்விடா மேட்டுநிலத்திலிருந்து வந்த மண்ணில் இருந்த பூஞ்சையொன்றே சைக்கிளோஸ்போரினைத் தந்தது. உடலின் எதிர்ப்பு ஆற்றலை அது அடக்கியது. அதன் துணையோடு 1983 நவம்பரில் ரொறன்ரோவில் ஜோயல் கூப்பர் ஒற்றை நுரையீரலைப் பொருத்தினார். அந்நோயாளி ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

ஆயினும் நுரையீரல் ஏனைய உறுப்புகளைப் போன்றதன்று. ஒவ்வொரு மூச்சிலும் வெளியுலகின் தூசியும் கிருமியும் அதனுள் நுழைகின்றன. உடல் அந்நிய உறுப்பைச் சிறிது சிறிதாக நிராகரிக்கிறது. நுண்ணிய சுவாசக் குழல்கள் தழும்பேறி அடைபடுகின்றன. மாற்று நுரையீரல் பெற்றோரில் ஏறத்தாழ அரைவாசிப் பேரை ஐந்து ஆண்டுகளுக்குள் இந்நிலை பீடிக்கிறது. மாத்திரையின் அளவைக் கூட்டினால் சிறுநீரகம் கெடும். அப்படியானால் மருந்தை நேரே நுரையீரலுக்கே அனுப்பினால் என்ன?

பிட்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் ஆல்டோ ஐயக்கோனோவும் அவருடைய சகாக்களும் அதைத்தான் செய்து பார்த்தார்கள். சைக்கிளோஸ்போரின் நீரிற் கரைவதில்லை. புரொப்பிலீன் கிளைக்கோலில் கரைத்து ஆவிப்புகைபோல் உள்ளிழுக்கச் செய்தார்கள். தொண்டையை அரிக்கும் திரவம் அது. முன்கூட்டியே விறைப்பு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. வழக்கமான மாத்திரைகளை அனைவரும் தொடர்ந்து உட்கொண்டனர். அவற்றுக்கு மேலாக 28 பேர் மருந்தை இழுத்தனர்; 30 பேர் மருந்தில்லாத வெறுந்திரவத்தை இழுத்தனர். வாரத்துக்கு மூன்று நாட்கள், இரண்டு ஆண்டுகள்.

ஆய்வாளர்கள் அளக்க முனைந்தது, திடீரென ஏற்படும் கடும் நிராகரிப்பு குறைகிறதா என்பதையே. அது குறையவில்லை. இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு. வகுத்த இலக்கின்படி பரிசோதனை தோல்வி.

ஆனால் இறந்தோரை எண்ணியபோது வேறொரு காட்சி தெரிந்தது. மருந்து இழுத்த 28 பேரில் மூவர் இறந்திருந்தனர். வெறுந்திரவம் இழுத்த 30 பேரில் பதினால்வர். நாட்பட்ட நிராகரிப்பும் மருந்துத் தரப்பில் குறைவு. முடிவுகள் 2006 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் வெளியாயின.

தலைப்புப் போடுவதையே தொழிலாகக் கொண்டிருந்த எமக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? “உயிர் காக்கும் மூச்சு” என்று எட்டுப் பத்தியில் போட்டிருப்போம். எதிராக வாக்களித்த எண்மரின் ஐயங்களோ எளிதில் ஒதுக்கக்கூடியவை அல்ல. ஒரே வைத்தியசாலை, ஐம்பத்தெட்டே பேர், தொடக்கத்தில் இரு குழுக்களும் சமநிலையில் இருந்தனவா என்ற கேள்வி, தேடாத இடத்தில் கிடைத்த விடை. அம்பு விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் கீறுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? மறுபுறத்தில், சிகிச்சைக்கு வேறு வழியற்ற நோயாளியிடம் போய், பதினான்குக்கு மூன்று என்ற கணக்கை மறந்துவிடு என்று சொல்வதும் இலகுவன்று. ஆதரித்த எண்மரையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

நிர்வாகம் அனுமதி வழங்கவில்லை. மேலும் ஓர் ஆய்வு வேண்டுமென்றது. பல நிலையங்களில், பல மடங்கு கூடுதலான நோயாளர்களுடன் அது நடத்தப்பட்டு 2011 இல் முடிவு தெரியவந்தது. பிட்ஸ்பேர்க்கில் கண்ட பயன் அங்கே காணப்படவில்லை. சுவாசத்தோடு உட்கொள்ளும் ஸ்ரீரொயிட் மருந்தும் முன்னரே, 2002 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில் கைகொடுக்காது போயிருந்தது.

எனினும் எண்ணம் மடியவில்லை. தொண்டையை எரித்த திரவத்தைக் கைவிட்டு, கொழுப்பாலான நுண்குமிழிகளுள் மருந்தை அடைத்து நீரிலேயே கலக்கும் முறையை ஜேர்மனியில் உருவாக்கினார்கள். அதனைக் கொண்டு 2019 இல் பல நாடுகளில் புதிய பரிசோதனைகள் ஆரம்பமாயின. அவற்றில் சேர்க்கப்பட்டோர் புதிதாக நுரையீரல் பெற்றவர்கள் அல்லர். சுவாசக் குழல்கள் ஏற்கெனவே அடைபடத் தொடங்கியவர்கள். நோயை வரவிடாமல் தடுக்க முடியுமா என்பதல்ல, வந்த நோயின் வேகத்தைக் குறைக்க முடியுமா என்பதே இம்முறை கேட்கப்பட்டது. முதன்மை அளவுகோலாக மூச்சின் வலுவையே இம்முறை முன்கூட்டி வகுத்துக்கொண்டார்கள்.