இரட்டைக்குழல் துப்பாக்கி (புதுக்கோட்டைக் கடலோர வட்டாரம்)

இரட்டைக்குழல் துப்பாக்கி என்பது பக்கம் பக்கமாக இணைத்த இரு குழல்களும் வழவழப்பான உட்புறமும் கொண்ட, ரவைத் தோட்டா சுடும் வேட்டைத் துப்பாக்கி. பேச்சு வழக்கில் ‘ரெட்டைக்குழல்’. உரிமச் சீட்டுகளில் பின்புறம் திறந்து தோட்டா இடும் வகை ‘டி.பி.பி.எல்.’ என்றும், வாய்வழி மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி ‘எஸ்.பி.எம்.எல்.’ என்றும் குறிக்கப்படும். தமிழகத்தில் மிகப் பரவலானது 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் அவற்றில் ஒன்று நுழையும் விட்டம் அது, ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர்.

வாய்வழி கெட்டிக்கும் காலத்தைப் பற்றிச் சொல்லக்கூடியது குறைவு. 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பாளையங்களில் மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பக்கம் நின்ற புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானம் அந்த அடக்குமுறைக்கு ஆளாகாமல் தப்பியது. சமஸ்தானத்துக்குக் கடற்கரை கிடையாது. மணமேல்குடி முதலான கரையோர ஊர்கள் ஆங்கில ஆட்சிக்கு நேரடியாக உட்பட்ட தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தன. 1974 ஜனவரி 14-இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோதுதான் இரு பகுதிகளும் ஒரே ஆட்சியரின் கீழ் வந்தன.

இரட்டைக்குழலின் பொற்காலம் 1870-க்கும் 1940-க்கும் இடைப்பட்டது. தோட்டாவைப் பின்புறமாக இடும் முறை பிரான்சில் லெஃபோஷே வழியாக 1830-களில் பரவி, இங்கிலாந்தில் 1860-களில் நடுவெடிப்புத் தோட்டாவாக முதிர்ந்தது. 1875-இல் பர்மிங்ஹாமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த ஆன்சன், டீலி இருவரும் காப்புரிமை பெற்ற பெட்டிப்பூட்டு, வெளியே துருத்தி நின்ற குதிரைகளை உள்ளே அடக்கியது. துப்பாக்கியை மடக்கித் திறக்கும் அசைவே உள்குதிரைகளை ஏற்றிவிடும். உறுப்புகள் குறைவு, பழுதும் குறைவு. இன்று இந்தியாவில் கைமாறும் பழைய துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இந்த அமைப்பையே கொண்டவை. குழலின் வாயைச் சற்றே குறுக்கி ரவையைச் சிதறாமல் செலுத்தும் ‘சோக்’ யாருடைய கண்டுபிடிப்பு என்பதில் உடன்பாடில்லை. நியூகாசிலின் பேப் 1866-இல் பெற்ற காப்புரிமையை ஆங்கிலேயர் முன்வைப்பர். இல்லினாய்ஸ் வாத்து வேட்டைக்காரர் பிரெட் கிம்பிளை அமெரிக்கர் சொல்வர். அதை வணிகமாக்கிப் புகழ் பெற்றவர் பர்மிங்ஹாமின் கிரீனர் என்பதை மட்டும் இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும்.

இத்துப்பாக்கிகள் தமிழகத்துக்கு வந்த முக்கிய வாசல்களில் ஒன்று, சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த பி. ஆர் அண்ட் சன்ஸ். பீட்டர் ஆர் பெயரில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய கடிகார, நகை நிறுவனமான அது துப்பாக்கியும் விற்றது. ரங்கூனிலும் கிளை இருந்ததால் இரு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டையில் அதன் பெயருடன் ‘மெட்ராஸ் அண்ட் ரங்கூன்’ என்று பொறித்த துப்பாக்கிகள் இன்றும் ஏலங்களில் தலைகாட்டுகின்றன. கல்கத்தாவில் மேன்டன், ராடா நிறுவனங்கள் இதே வணிகம் செய்தன. பட்டையில் உள்ள பெயர் பெரும்பாலும் விற்றவரின் பெயர். செய்தது பர்மிங்ஹாம் பட்டறை. இதை அறியாமல் ‘மெட்ராஸில் செய்தது’ என்று விலை சொல்பவர் உண்டு. குழலைக் கழற்றி அடிப்புறத்தில் உள்ள சோதனை முத்திரைகளைப் பார்த்தால் உண்மை தெரியும். பிரிட்டிஷ் சட்டப்படி ஒவ்வொரு குழலும் சோதனைச்சாலையில் மிகை மருந்து இட்டுச் சுட்டுப் பார்க்கப்பட்டது. பர்மிங்ஹாம் முத்திரையில் கிரீடத்தின் கீழ் ‘என்.பி.’ என்றிருந்தால் அது 1904-க்குப் பின் புகையிலா மருந்துக்குச் சோதிக்கப்பட்டது; ‘நாட் ஃபார் பால்’ என்ற சொற்கள் 1875-க்கும் 1887-க்கும் இடைப்பட்ட சோக் குழலைக் காட்டும். பெயர்ப்பட்டை பொய் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், வயதைச் சொல்வது இந்தச் சிறு முத்திரைதான்.

தமிழகத்து ஏரிகளிலும் வயல்களிலும் இவற்றின் தலையாய வேலை உள்ளான் வேட்டை. குளிர்காலத்தில் வலசை வந்து, அறுத்த நெல்வயலின் சேற்றில் கிடக்கும் உள்ளான், காலடிச் சத்தம் கேட்டதும் வளைந்து நெளிந்து பறக்கும். பெரிய ரவை அதற்கு உதவாது. 8-ஆம் எண் சிறுரவையும் சோக் இல்லாத வலக்குழலும் வேண்டும். தூரம் கூடியபின் இடக்குழல். இரண்டு குழலுக்கும் இருவேறு குறுக்கம் வைத்ததன் பயன் இந்தப் பறவையிடம் தெரிவதுபோல் வேறெதிலும் தெரியாது. உள்ளான் வேட்டை மாவட்ட அதிகாரிகளின் விருப்பப் பொழுதுபோக்கு. 1878 ஆயுதச் சட்டத்தின் விதிகள் ஐரோப்பியருக்கு உரிமத்திலிருந்து விலக்கு அளித்திருந்தன. ஊர்க்காரருக்குப் பெரும்பாலும் கிடைத்தது பயிர்க்காவலுக்கான நாட்டுத் துப்பாக்கி உரிமமே.

அமெரிக்க இரட்டைக்குழல்கள் இங்கு அரிது. தமிழக வேட்டை இலக்கியத்தில் பேர்போன அமெரிக்கத் துப்பாக்கி, கென்னத் ஆண்டர்சன் கையாண்ட வின்செஸ்டர் .405. அதுவோ ஒற்றைக்குழல் ரைஃபிள். ஆயினும் மதிப்பிடும் கலையை முறைப்படுத்தியவர்கள் அமெரிக்கச் சேகரிப்பாளர்களே என்பதால் அவர்களுடைய அளவுகோலைச் சொல்லாமல் இப்பொருள் முழுமை பெறாது. கனெக்டிகட்டின் மெரிடனில் 1860-களின் இறுதியிலிருந்து செய்யப்பட்ட பார்க்கர் துப்பாக்கிகள் ஏறத்தாழ 2,42,000. 1934-இல் ரெமிங்டன் அந்நிறுவனத்தை வாங்கியது. எல்.சி. ஸ்மித், லெஃபீவர், இத்தாகா, பிலடெல்பியாவின் ஃபாக்ஸ், 1931-இல் வந்த வின்செஸ்டர் 21 ஆகியவை மற்றவை. தொழிற்சாலை தானே தரம் வகுத்தது: பார்க்கரில் எளிய ட்ரோஜன் தொடங்கி வி.எச்., ஜி.எச்., டி.எச். என ஏறி ஏ-1 ஸ்பெஷலில் முடியும். தரக்குறியின் கடைசியில் ‘ஈ’ இருந்தால் சுட்ட தோட்டாவைத் தானே எறியும் வகை. ஒரே தரத்திலும் 12 போரைவிட 28, .410 ஆகிய சிறு அளவுகள் பல மடங்கு விலை போகும், ஏனெனில் அவை குறைவாகவே செய்யப்பட்டன. அமெரிக்காவில் அரசுச் சோதனைச்சாலை இல்லாததால் முத்திரையின் இடத்தைத் தொழிற்சாலைப் பதிவேடும் வரிசை எண்ணும் பிடித்துக்கொள்கின்றன.

அங்கே பழைய மெருகைத் தேய்த்துப் புதிதாக்கினால் விலை சரியும். இங்கே வாங்குபவர் பெரும்பாலும் பயன்படுத்தவே வாங்குவதால் புதுக் கட்டையும் புது நீலப்பூச்சும் அவ்வளவாகக் குறை சொல்லப்படுவதில்லை. இரு இடத்துக்கும் பொதுவான சோதனைகள் சில: மூடிய துப்பாக்கியில் குழலுக்கும் பெட்டிக்கும் இடையே ஆட்டம் இருக்கக் கூடாது. கழற்றிய குழல்களைத் தொங்கவிட்டுத் தட்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும்; அடங்கிய ஒலி, பட்டையின் பற்றுவைப்பு விட்டிருப்பதைக் காட்டும். உட்புறக் குழிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதோடு சுவரின் கனத்தையும் அளக்க வேண்டும். மணமேல்குடி போன்ற உப்புக்காற்று ஊரில் பட்டையின் அடிப்புறமும் கட்டை மூடிய இரும்பும்தான் முதலில் அரிக்கும். 2½ அங்குல அறை கொண்ட பழைய ஆங்கிலத் துப்பாக்கியில் 2¾ அங்குலத் தோட்டாவும் நுழைந்துவிடும் என்பது ஆபத்தான வசதி.

கோடுகோடாகச் சுருள் வடிவம் காட்டும் டமாஸ்கஸ் குழல் தென்னிந்திய உருக்கிரும்பால் ஆனது என்று சொல்வதுண்டு. இரும்பையும் எஃகையும் நாடாவாக முறுக்கி ஒட்டிச் செய்த ஐரோப்பியக் குழல் அது. மூசையில் உருக்கிய ‘வூட்ஸ்’ எஃகு வேறு. புகையிலா மருந்துக்கு டமாஸ்கஸ் குழல் தாங்குமா என்பதில் இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. அமெரிக்காவில் பழைய பார்க்கர்களைக் கொண்டு நடந்த சோதனைகளில் பல குழல்கள் தாங்கின. கவனமான தொழிலாளிகள் இன்னும் வேண்டாம் என்றே சொல்வர்.

விடுதலைக்குப் பின் 1959 ஆயுதச் சட்டம் வந்தது. இசாப்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் 12 போர் இரட்டைக்குழல் வங்கிக் காவலர்களின் தோளில் ஏறியது. 1972 வனவிலங்குச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991 திருத்தம் உரிம வேட்டைக்கும் முடிவு கட்டியது. 1980-களின் நடுவிலிருந்து தனியார் இறக்குமதி ஏறத்தாழ நின்றுபோனதால், இங்கிலாந்தில் எளிதாக விலைபோகும் நடுத்தர வெப்லி ஸ்காட் துப்பாக்கிக்கு இந்தியாவில் அதைவிடப் பல மடங்கு விலை. உரிமம் பெற்ற வாங்குபவர் கிடைக்காத துப்பாக்கிக்கு எந்த முத்திரையும் விலை சேர்க்காது. வாரிசுகள் உரிமம் எடுக்காவிட்டால் அது முகவர் கடையிலோ காவல் நிலையத்திலோ துருப்பிடிக்கும்.

2019 திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, மிகுந்ததை ஓராண்டுக்குள் ஒப்படைக்கச் சொன்னது. பரம்பரையாக வந்தவையும் இந்தக் கணக்கில் சேரும்.