நிகழ்வுப் பதிவேடுகளும் கொழும்பின் கடிகாரமும்

இலங்கையின் அண்மைக்கால வரலாற்றிலே ஒருமுறையேனும் நிகழாத ஒரு மணி நேரமும், இருமுறை நிகழ்ந்த அரைமணி நேரங்களும் உள. மின்சாரத் தட்டுப்பாடு காரணமாக 1996 மே 25 அன்று நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்நகர்த்தப்பட்டன. நள்ளிரவு பன்னிரண்டு மணி, ஒரு மணியாயிற்று. இடைப்பட்ட நேரம் எந்தக் கடிகாரத்திலும் தோன்றவில்லை. அவ்வாண்டு ஒக்டோபர் 26 அன்று அரைமணி திருப்பிப் பெறப்பட்டது. எஞ்சிய அரைமணி, பத்தாண்டுகள் கழித்து, 2006 ஏப்ரல் 15 அன்று, புத்தாண்டிற்கு மறுநாள் நள்ளிரவில் திருப்பப்பட்டது. ஆகவே அந்நாளில் 12.00 முதல் 12.30 வரையான பொழுது கொழும்பில் இருமுறை கழிந்தது. அன்று ‘12.10’ எனக் குறிக்கப்பட்ட ஒரு நிகழ்ச்சி எந்த 12.10இல் நிகழ்ந்தது என்பதை அக்குறிப்பினை மட்டும் வைத்துக்கொண்டு எவராலும் கூறவியலாது.

கையால் எழுதும் நாட்குறிப்பிலே இஃது ஒரு பொருட்டன்று. எனினும் இன்று வங்கிகளிலும் அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் மேசைதோறும் உள்ள கணனிகள் தத்தம் செயல்களை இடையறாது எழுதிக்கொண்டிருக்கின்றன. யார் எப்போது உட்புகுந்தார், எவரது கடவுச்சொல் பிழைத்தது, எந்தச் செயலி எந்தச் செயலியை இயக்கியது, எந்தக் கோப்பு அழிக்கப்பட்டது என்பனவெல்லாம் அவற்றிலே பதிவாகின்றன. பாதுகாப்புத் துறையினர் இக்கணனிகளை முனைக் கணனிகள் என்பர். இவற்றின் பதிவுகளை ஓரிடத்திற் சேர்ப்பதும், சேர்த்தவற்றை ஒரே வடிவத்திற்குக் கொணர்வதும் இன்று தனியொரு தொழிலாக வளர்ந்துள்ளன. முதலாவதைத் திரட்டல் என்றும் இரண்டாவதை ஒருசீராக்கல் என்றும் இக்கட்டுரை வழங்கும். பொறியியலாளரின் விடயமாக இவை தோன்றினும், இவற்றின் அடியிலே கிடப்பது வரலாற்று மாணவன் நன்கறிந்த வினாவேயாகும்: ஒரு சான்றை எழுதியவர் யார், எப்போது எழுதினார், எழுதப்பட்ட பின் அது யார் கையில் இருந்தது?

கடிகாரத்திற்கே மீண்டும் வருவோம். கணனிகள் பயன்படுத்தும் உலக நேர அட்டவணையிலே கொழும்புக்கென ஒரு பகுதி உண்டு. அதன்படி 1880 முதல் 1905 முடியும்வரை இலங்கை கிறீனிச்சிற்கு 5 மணி 19 நிமிடம் 32 செக்கன் முந்தியிருந்தது. கல்கிசைக்குத் தெற்கே சில மைல் தொலைவிலுள்ள மொறட்டுவையின் பெயராலேயே அந்நேரம் அட்டவணையிற் குறிக்கப்படுகின்றது. 1906இல் ஐந்தரை மணி வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அது முதலில் ஆறு மணியாகவும் பின்னர் ஆறரையாகவும் மாறி, 1945 ஒக்டோபரில் மீண்டும் ஐந்தரையாயிற்று. பின்னர் நேர்ந்தவை மேலே கூறப்பட்டன. அவற்றோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். 1996ஆம் ஆண்டின் மாற்றத்தை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் ஏற்கவில்லை. அங்கு பழைய ஐந்தரையே நிலவியது. 2002இல் ஏ-9 பாதை திறக்கப்பட்டபின் வெள்ளவத்தையிலிருந்து கிளிநொச்சிக்குப் போனவர்கள் ஓமந்தைக்கு அப்பால் கைக்கடிகாரத்தை அரைமணி பின்தள்ளினர். ஒரு தீவில் இரு நேரங்கள். அக்காலத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சென்ற செய்தி புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் அப்படியே அருகருகே வைத்துப் பார்ப்பவர், செய்தி அனுப்பப்படுமுன்னரே போய்ச் சேர்ந்துவிட்டது என முடிவுகட்ட நேரிடும்.

நேரத்தை ஒருசீராக்குதல் என்பது இம்மயக்கத்தை நீக்குவதேயாகும். ஒவ்வொரு குறிப்பின் உள்ளூர் நேரமும் உலகப் பொது நேரத்திற்கு மாற்றப்படுகின்றது. மாற்றுவதற்கு அக்குறிப்பு எந்த நேர வலயத்தில் எழுதப்பட்டது என்பது தெரிந்திருத்தல் வேண்டும். விந்தை யாதெனில், கணனி உலகிலே மிகப் பரவலாக வழங்கிய பதிவு முறை ஒன்று இதைச் சொல்லவேயில்லை. 1980களில் கலிபோர்னியாவின் பேர்க்கிலியிலே எரிக் ஓல்மன் என்பார் தமது மின்னஞ்சற் செயலியின் தேவைக்காக ஆக்கிய ‘சிஸ்லொக்’ எனும் முறை, வலையமைப்பு வழியாகப் பதிவுகளை வேறொரு கணனிக்கு அனுப்புவதற்கு உலகெங்கும் கையாளப்பட்டது. 2001இல் அதன் வழக்கு ஓர் ஆவணமாக எழுதப்பட்டபோது நேரக்குறிப்பில் மாதமும் நாளும் மணியும் இருந்தன. ஆண்டு இல்லை, நேர வலயமும் இல்லை. 2009இல் வெளிவந்த புதிய விதிமுறையே இவ்விரண்டையும் சேர்த்தது. கல்வெட்டில் ஆட்சியாண்டு கண்டு, அரசன் பெயர் காணாது இடர்ப்படும் ஆய்வாளருக்கு இக்குறை புதிதன்று.

நேரத்தைப் போலவே நிகழ்ச்சிகளின் பெயர்களும் வேறுபடுவன. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வெற்றிகரமாக உட்புகுதல் 528 என்ற எண்ணாற் குறிக்கப்பட்டது. அதன்பின் வந்த விஸ்டா முதலாக அது 4624 ஆயிற்று. தோல்வியுற்ற முயற்சி 4625. லினக்ஸ் கணனியோ எண்ணேதுமின்றி ஓர் ஆங்கில வாக்கியமாகவே அதனை எழுதும். மூன்றும் கூறுவது ஒன்றையே என அறிந்து, ஒரே தலைப்பின்கீழ் அமைத்தாலன்றி, ஒரு திருடன் மூன்று கணனிகளில் அடுத்தடுத்து நுழைந்தமை மூன்று தனித்தனிச் செய்திகளாகவே தோன்றும்.

இனித் திரட்டலின் வரலாறு. பதிவுகளை அவை எழுதப்பட்ட கணனியிலேயே விட்டுவைத்தல் ஏன் ஆகாது? 1980இல் ஜேம்ஸ் அன்டர்சன் என்பார் கணனிப் பதிவுகளைக் கொண்டே முறைகேட்டினைக் கண்டறியலாம் என ஓர் அறிக்கையில் விளக்கினார். அதன் உண்மை 1986இல், முற்றிலும் எதிர்பாராத முறையில் வெளிப்பட்டது. பேர்க்கிலியிலுள்ள லோறன்ஸ் ஆய்வுகூடத்தில் கணனிப் பயன்பாட்டுக் கணக்கு 75 சதம் குறைந்தது. அவ்வற்பத் தொகையைத் துருவிய கிளிஃபோர்ட் ஸ்டோல் எனும் வானியலாளர், யாரோ ஒருவர் உட்புகுந்து உச்ச அதிகாரம் பெற்றிருப்பதைக் கண்டார். அவர் அடுத்துச் செய்தது சிறப்பாக நோக்கற்பாலது. கணனிக்குள் ஒரு கண்காணிப்புச் செயலியை வைத்திருப்பாரேல் உட்புகுந்தவன் அதனைக் கண்டு அழித்திருப்பான். ஸ்டோலோ வெளியிலிருந்து கணனிக்கு வரும் தொலைபேசித் தொடர்புகளில் அச்சுப்பொறிகளை இணைத்துவிட்டார். திருடன் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் அவன் கைக்கெட்டாத காகிதத்தில் பதிந்தது. அக்காகிதச் சான்று இறுதியில் மேற்கு ஜேர்மனியின் ஹனோவர் நகர்வரை வழிகாட்டியது.

இதற்கு நேர்மாறானதொரு நிகழ்ச்சி முப்பதாண்டுகளின் பின் கொழும்பைத் தொட்டது. 2016 பெப்ரவரி 4ஆம் நாள் இரவு, பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணனிகளுக்குள் நுழைந்தோர் நியூயோர்க்கிலுள்ள அவ்வங்கிக் கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டொலரை மாற்றும்படி 35 கட்டளைகளை அனுப்பினர். முப்பது தடுக்கப்பட்டன, ஐந்து நிறைவேறின. அவற்றுள் நான்கின்வழி 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் வங்கியொன்றிற்குச் சென்றது. ஐந்தாவது, 2 கோடி டொலர், கொழும்பின் பான் ஏசியா வங்கியில் இருந்த ஓர் அறக்கட்டளைக் கணக்கிற்கு அனுப்பப்பட்டது.

டாக்காவில் எவரும் இதை உடனே அறியாமைக்குக் காரணம், அறிவிக்கவேண்டிய கணனியே அறிவிக்காதிருந்தமைதான். பணக் கட்டளைகளைக் கையாண்ட செயலியில் திருடர்கள் இரண்டே இரண்டு பைட்டுகளை மாற்றியிருந்தனர் என அவ்வாண்டு ஏப்ரலில் பிரித்தானிய நிறுவனமான பிஏஈ சிஸ்டம்ஸ் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. அம்மாற்றத்தால் செயலியின் உட்சோதனை செயலிழந்தது. கட்டளைகளின் பதிவுகள் அழிக்கப்பட்டன. உறுதிச் செய்திகள் அச்சுப்பொறிக்குச் செல்லாது இடைமறிக்கப்பட்டன. ஸ்டோலுக்குக் காவலாக நின்ற அச்சுப்பொறி ஈண்டு வாயடைக்கப்பட்டது. காரணம் வெளிப்படை. அவரது அச்சுப்பொறி கணனிக்குப் புறத்தே நின்றது. டாக்காவின் அச்சுப்பொறி அதே கணனியின் சொற்கேட்டு நடந்தது. முனைக் கணனியின் பதிவுகள் எழுதப்பட்ட கணமே வேறோரிடத்திற்கு அனுப்பப்படல் வேண்டும் என்ற விதி இத்தகைய அனுபவங்களிற் பிறந்ததேயாகும்.

கொழும்பிற்கு வந்த பணத்தின் கதை வேறு. கட்டளையில் ‘பவுண்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல் எழுத்துப் பிழையுடன் ‘பண்டேஷன்’ என்று அமைந்திருந்தது. இடைநின்ற ஜேர்மன் வங்கியான டொய்ச்சே வங்கி அதனைக் கண்டு விளக்கம் கோரிற்று. அத்தகைய கணக்கிற்கு இத்துணைப் பெருந்தொகை வருவது வழக்கமன்று எனக் கொழும்பு வங்கியிலும் ஐயம் எழுந்ததாகச் செய்திகள் கூறின. பணம் திரும்பிற்று.

ஒருசீராக்குவோர் ஆழ்ந்து எண்ணவேண்டிய இடம் இதுவே. அவர்கள் எழுதும் விதிகளின் நோக்கம் வேறுபாடுகளைக் களைவதாகும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இடைவெளி, எழுத்துக்கூட்டல் ஆகியன சமப்படுத்தப்படுகின்றன. தமிழர் பெயர்கள் ஆங்கிலத்தில் எழுதப்படும் விதங்களை அறிந்தோர்க்கு இதன் தேவை சொல்லாமலே விளங்கும். கடவுச்சீட்டில் ஒருவிதமாகவும், வங்கிப் புத்தகத்தில் வேறுவிதமாகவும், அடையாள அட்டையில் முதலெழுத்து முன்பின்னாகவும் ஒருவரே மூவராய் நிற்பது கொட்டாஞ்சேனையிலும் கல்கிசையிலும் அன்றாட அனுபவம். ஆயினும் அக்கட்டளை கொழும்பை நோக்கிப் புறப்படுமுன் ஒரு செயலி அப்பிழையைத் திருத்தி, ‘பவுண்டேஷன்’ எனச் செம்மைப்படுத்தி, அதையே பதிந்து, மூலத்தை வீசியிருந்தால், 2 கோடி டொலரைக் காத்த தடயம் மறைந்திருக்கும். பதிப்பாசிரியர் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பிற் காப்பது போலச் சீராக்கிய பதிவின் பக்கத்திலே மூலப்பதிவும் அவ்வாறே நிற்றல் வேண்டும். சேமிப்புச் செலவைக் காட்டி மூலத்தை நீக்கும் நிறுவனங்கள் பல, அச்செலவு மெய்யானதுமாகும். எனினும் எதைக் களைந்தோம் என்பதையே அறியாது களைதல் சிக்கனமாகாது.

அவ்விரவின் காலவரிசையை வகுப்பதற்கே நான்கு கடிகாரங்கள் வேண்டியிருந்தன. டாக்காவில் நள்ளிரவு பன்னிரண்டு. கொழும்பில் முன்னிரவு பதினொன்றரை. மனிலாவில் மறுநாட் காலை இரண்டு. நியூயோர்க்கிலோ முந்திய நாளின் பிற்பகல் ஒரு மணி. டாக்காவில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதும் திருடர்கட்குக் கைகொடுத்தது.

இலங்கை அரசும் இவ்வகைப் பாடங்களைச் சில படிகளிற் கற்றது. கணனி அவசர நிலைமைகளை எதிர்கொள்ளும் தேசிய அமைப்பான இலங்கை சேர்ட் 2006இல் நிறுவப்பட்டது. 2007இல் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் 2023 ஆகஸ்டில் அரசின் மேகக் கணனி அமைப்பு தாக்குண்டபோது, ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சற் கணக்குகளின் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் மீட்கவியலாது போயின. மூல அமைப்பும் அதனோடு இணைக்கப்பட்டிருந்த காப்புப் பிரதியும் ஒருங்கே பூட்டப்பட்டமையே காரணம். அங்கு இழக்கப்பட்டவை பதிவேடுகளல்ல, கடிதங்கள். தவறு மட்டும் டாக்காவில் நேர்ந்ததே.

இத்தொழிலுக்கு இன்னொரு முகமும் உண்டு. முனைக் கணனியின் முன்னே ஒரு மனிதர் அமர்ந்திருக்கின்றார். கணனி எழுதுவது அவரது நடமாட்டத்தையுமாகும்: காலையில் எத்தனை மணிக்கு வந்தார், எதைத் திறந்தார், எவ்வளவு நேரம் வாளாவிருந்தார். கொழும்புத் தமிழருக்குப் பதிவு என்ற சொல் வெறும் தொழில்நுட்பச் சொல்லன்று. 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, வீட்டில் தங்கியிருப்போரின் பட்டியலைக் கோரும் அதிகாரத்தைப் பொலிசாருக்கு வழங்குகின்றது. போர்க்காலத்தில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அப்படிவங்களை நிரப்பாத தமிழ்க் குடும்பம் அரிது. பாதுகாப்பின் பெயராலேயே அவை திரட்டப்பட்டன. 2007 யூன் 7 அதிகாலையில் தலைநகரின் விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர், அங்கு இருப்பதற்குத் தகுந்த காரணமில்லை எனக் கூறப்பட்டு, பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்கட்கு அனுப்பப்பட்டனர். மறுநாள், மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தொடுத்த வழக்கில், உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஒருவர் எங்கே, எதற்காகத் தங்கியிருக்கின்றார் எனும் குறிப்பு, அவரைக் காப்பதற்கும் பயன்படலாம், அவரை அப்புறப்படுத்துவதற்கும் பயன்படலாம். குறிப்பின் வாசகத்தில் எம்மாற்றமும் தேவையில்லை.

ஆகவே திரட்டும் நிறுவனம் எதைத் திரட்டுகிறது, எந்நோக்கத்திற்காக, எத்தனை நாளைக்கு என்பன பொறியியல் வினாக்களோடு ஒருங்கே எழுப்பப்பட வேண்டியன. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்வினாக்களை இலங்கையிற் சட்டமொழியில் எழுப்பியது. குறித்த நோக்கத்திற்கு அப்பால் தரவைப் பயன்படுத்தலாகாது, தேவை முடிந்தபின் வைத்திருத்தலாகாது என்பன அதன் கோட்பாடுகளுள் அடங்கும். அதன் பிரதான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தன. அந்நாள் பின்னர் ஒத்திவைக்கப்பட்டது. முனைக் கணனிகளோ அதற்காகக் காத்திராது எழுதிக்கொண்டேயிருக்கின்றன.